புராஸ்டேட் புற்றுநோய்: டெல்டா தம்பதிகளுக்கு ஒரு வழிகாட்டி

புராஸ்டேட் என்பது ஆண்களுக்குச் சிறுநீர்ப்பைக்கு அடியில் இருக்கும் ஒரு சுரப்பி. அதில் புற்றுநோய் என்று பயாப்சி (சதைத் துணுக்கு எடுத்துச் செய்யும் சோதனை) ரிப்போர்ட் கைக்கு வந்து சில நாட்களே ஆன வீடுகளுக்காக இதை எழுதுகிறேன். தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை என்று டெல்டாவில் எந்த மூலையில் இருந்தாலும் சரி. என் கணவருக்கு இந்த நோய் இருப்பது தெரிந்து சில ஆண்டுகள் ஆகின்றன. கும்பகோணத்துக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்தில் இருக்கிறோம். என்ன சிகிச்சை என்பதை டாக்டர் சொல்லிவிடுவார். அதற்கு வெளியே கிடக்கிற மற்ற வேலைகளை, எதை முதலில் செய்வது, யாரிடம் சொல்வது, யாரைத் தேடிப் போவது என்பதைத்தான் இங்கே சொல்கிறேன்.

நோய் அவர் உடம்பில் இருந்தாலும் அதோடு குடும்பம் நடத்துவது இருவரும்தான். இடுப்புக்குக் கீழே வருகிற நோய் என்பதால் நம் பக்கத்து ஆண்கள் வாயைத் திறப்பதில்லை. யாராவது கேட்டால் "யூரின்ல கொஞ்சம் ட்ரபுள்" என்று முடித்துவிடுவார்கள். மாரடைப்பு வந்தவரைப் பார்க்க ஊரே ஹார்லிக்ஸ் பாட்டிலோடு வருகிறது. இதற்கு யாரும் வருவதில்லை, யாருக்கும் தெரியாது என்பதால். யாருக்கும் தெரியாமல் பார்த்துக்கொள்கிற வேலை முழுவதும் மனைவியின் தலையில் விழுகிறது. அதனால் நான் எல்லோரிடமும் வற்புறுத்திச் சொல்வது ஒன்றுதான்: இதே நோயோடு வாழ்கிற இன்னொரு தம்பதியைத் தேடிப் பிடியுங்கள். அதற்கு முன்னால் செய்யவேண்டிய சில வேலைகள் இருக்கின்றன.

முதல் வாரம்: இருவரும் சேர்ந்து கேளுங்கள்

டாக்டரைப் பார்க்க உள்ளே போகும்போது மனைவி வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருப்பதுதான் வழக்கம். சில இடங்களில் மகனை மட்டும் கூப்பிட்டுப் பேசி அனுப்பிவிடுகிறார்கள். "நாங்க ரெண்டு பேரும் சேந்து கேக்கணும் டாக்டர்" என்று சொன்னால் மறுப்பவர்கள் மிகக் குறைவு.

உள்ளே கேட்கவேண்டியவை: பி.எஸ்.ஏ. (ரத்தத்தில் பார்க்கும் புராஸ்டேட் புரதம்) எவ்வளவு, கிளீசன் மதிப்பெண் (பயாப்சியில் நோயின் வேகத்தைக் காட்டும் எண்) எத்தனை, நோய் சுரப்பிக்குள்ளேயே இருக்கிறதா, எலும்புக்குப் போயிருக்கிறதா, எந்த ஸ்கேனை வைத்து அப்படிச் சொல்கிறீர்கள். கிளீசன் பெரும்பாலும் 6 முதல் 10 வரை வரும். 6 என்றால் மெதுவாகப் போகிற வகை. 8, 9, 10 என்றால் வேகமானது. பி.எஸ்.ஏ. மட்டும் கூடியிருப்பதை வைத்துப் புற்றுநோய் என்று முடிவு கட்ட முடியாது. சாதாரண வீக்கத்திலும் தொற்றிலும்கூட அது ஏறும். பயாப்சிதான் உறுதி செய்யும்.

பெரும்பாலும் இது மெதுவாக வளர்கிற நோய். சில வாரம் யோசிக்கவும் இன்னொரு டாக்டரிடம் கேட்கவும் நேரம் இருக்கும். அவசரம் என்றால் அவர்களே சொல்லிவிடுவார்கள். "என்ன செய்யலாம்" என்று கேட்டால் பல வழிகள் வரும்: ஒன்றும் செய்யாமல் கூர்ந்து கண்காணிப்பது, சுரப்பியை எடுத்துவிடும் அறுவை, நம் ஊரில் கரண்ட் வைப்பது என்று சொல்லும் கதிர்வீச்சு, ஆண் ஹார்மோனை அடக்கும் ஊசி, மாத்திரை, கீமோ. ஒவ்வொன்றுக்கும் "இதனால் சிறுநீர், தாம்பத்தியம், உடல் பலம் மூன்றும் என்ன ஆகும்" என்று கேளுங்கள். நடுக் கேள்வியை ஆண்கள் கேட்கமாட்டார்கள். மனைவி கேட்கலாம், தப்பே இல்லை.

ஒரு நீளமான நோட்டுப் புத்தகம் வாங்கிக்கொள்ளுங்கள். தேதி, பி.எஸ்.ஏ. அளவு, போட்ட ஊசி, அடுத்த தேதி, கேட்கவேண்டிய கேள்வி எல்லாம் அதில் இருக்கட்டும். முடிந்தவரை ஒரே லேப்பில் பி.எஸ்.ஏ. எடுங்கள். லேப் மாறினால் அளவு கொஞ்சம் மாறும், அந்தக் கொஞ்சத்துக்கே இரண்டு ராத்திரித் தூக்கம் போய்விடும்.

யாரிடம் சொல்வது

ஊருக்கே சொல்லவேண்டியதில்லை, முழுக்க மறைத்தும் காலம் தள்ள முடியாது. இருவரும் உட்கார்ந்து மூன்று பேரைத் தேர்ந்தெடுங்கள். ஆஸ்பத்திரிக்குக் கூட வரக்கூடிய ஒருவர், பணம் கைமாற்று கேட்கக்கூடிய ஒருவர், மனைவி மனசுவிட்டு அழக்கூடிய ஒருவர். மூன்றாவது ஆளை விட்டுவிடாதீர்கள். அக்காவோ, நாத்தனாரோ, மகளிர் குழுவில் கூட இருக்கும் தோழியோ, யாராக இருந்தாலும் அவருக்குத் தெரியும் என்பதைக் கணவரிடமும் சொல்லிவிடுங்கள். பின்னால் தெரிந்தால் அது வேறு சண்டை ஆகும்.

இது தொற்றுநோய் இல்லை. ஒரே தட்டில் சாப்பிடலாம், ஒரே பாயில் படுக்கலாம், பேரப்பிள்ளையைத் தூக்கலாம். வெளியிலிருந்து கதிர்வீச்சு வைத்துக்கொண்டு வந்தவர் உடம்பில் கதிர் தங்குவதில்லை. சில ஸ்கேன்களுக்குக் கதிரியக்க மருந்து ஏற்றுவார்கள். அன்று மட்டும் சில மணி நேரம் கர்ப்பிணிகளிடமிருந்தும் குழந்தைகளிடமிருந்தும் தள்ளி இருக்கச் சொல்வார்கள்.

சொன்னதுமே வைத்தியங்கள் வர ஆரம்பிக்கும். முள்சீத்தா இலை, எங்கிருந்தோ ஒரு லேகியம், வைத்தீஸ்வரன் கோவில் வேண்டுதல். வேண்டுதலுக்குத் தாராளமாகப் போய் வாருங்கள், மனசுக்குத் தெம்பு. வாயில் போடுவதை மட்டும் டாக்டரிடம் காட்டாமல் போடாதீர்கள். ஆண் ஹார்மோனை அடக்கக் கொடுக்கும் அபிராடெரோன் போன்ற மாத்திரைகளே கல்லீரலைத் தொந்தரவு செய்யக்கூடியவை. அதன்மேல் என்ன இருக்கிறதென்று தெரியாத சூரணத்தையும் ஏற்றக் கூடாது. அபிராடெரோனை வெறும் வயிற்றில்தான் போடவேண்டும், சாப்பாட்டோடு போட்டால் உடம்பில் ஏறும் அளவு கூடிவிடும். கூடக் கொடுக்கிற பிரட்னிசலோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரையைச் சாப்பிட்டபிறகு போடவேண்டும். "எந்த மாத்திரையும் சாப்பிட்டுட்டுப் போடுங்க" என்று சொல்லியே பழகிய நமக்கு இது சுலபமாகக் குழம்பும். டப்பா மேலேயே பெரிதாக எழுதி ஒட்டிவிடுங்கள்.

வீட்டுக்குள்: டியூப், கசிவு, காய்ச்சல் போன்ற சூடு

அறுவை முடிந்தால் ஒன்று இரண்டு வாரம் சிறுநீர் வடிவதற்கான கதீட்டர் டியூப்போடு வீட்டுக்கு அனுப்புவார்கள். யூரின் பேக் எப்போதும் இடுப்புக்குக் கீழேயே இருக்கவேண்டும், தரையில் படக் கூடாது. கட்டில் காலில் ஒரு கொக்கி மாட்டிவிட்டால் போதும். நடமாடும்போது பேக்கைக் கல்யாண வீட்டு மஞ்சள் பையில் போட்டுக் கையில் தொங்கவிட்டுக்கொண்டு எங்கள் வீட்டுக்காரர் திண்ணைக்கு வருவார். பார்க்கிறவர்களுக்கு ஏதோ கடைக்குக் கிளம்புகிறவர் மாதிரித்தான் இருக்கும். டியூப் இருக்கும்வரை ஆற்றிலோ குளத்திலோ குளிக்கவேண்டாம்.

டியூப் எடுத்ததும் சிறுநீர் கசியும். இருமினால், தும்மினால், நாற்காலியிலிருந்து எழுந்தால் கசியும். பெரும்பாலோருக்குச் சில மாதங்களில் குறைந்துகொண்டே வரும், சிலருக்கு ஒரு வருடம்கூட ஆகும். இடுப்புத்தளத் தசைக்கான பயிற்சியை டியூப் எடுத்தபிறகு தொடங்கவேண்டும். காற்றுப் பிரியாமல் அடக்குவோமே, அந்தத் தசையை ஐந்து விநாடி இறுக்கிப் பிடித்து, பிறகு தளர்த்தி, பத்துத் தடவை. ஒரு நாளைக்கு மூன்று வேளை. வயிற்றையும் தொடையையும் இறுக்கக் கூடாது, மூச்சைப் பிடிக்கக் கூடாது. டையப்பர் வாங்க உள்ளூர் மருந்துக்கடையில் கூச்சமாக இருந்தால் பக்கத்து டவுனில் மொத்தமாக வாங்கிவிடுங்கள். கடைக்காரர் ஒன்றும் நினைப்பதில்லை என்பது இரண்டாவது தடவையிலேயே தெரிந்துவிடும்.

ஹார்மோன் சிகிச்சை வேறு மாதிரி. மாதம் ஒரு தடவையோ மூன்று மாதத்துக்கு ஒரு தடவையோ ஊசி, அல்லது விதைகளை எடுத்துவிடும் அறுவை. இரண்டின் நோக்கமும் ஆண் ஹார்மோனைக் குறைப்பதுதான். அறுவை ஒரே தடவையோடு முடியும், செலவு குறைவு. ஊசியை நிறுத்த முடியும், அறுவையைத் திருப்ப முடியாது. இந்த முடிவைக் கணவர் ஒருவராகத் தலையாட்டி எடுக்க விடாதீர்கள். ஒருநாளாவது தள்ளிப்போட்டு, வீட்டில் பேசிவிட்டுச் சொல்லுங்கள்.

ஊசிக்குப் பிறகு திடீரென்று உடம்பு கொதித்து வேர்த்துக் கொட்டும். நமக்கு மாதவிடாய் நிற்கும் காலத்தில் வருமே, அதேதான். அவருக்கு அது என்னவென்று புரியாது, உங்களுக்குப் புரியும். மெல்லிய பருத்தித் துணி, பக்கத்தில் ஒரு ஈரத் துண்டு, ராத்திரி ஃபேன். சூடான காபி இதைக் கிளப்பிவிடும், சிறுநீர்ப்பையையும் உசுப்பும். டிகிரி காபி ஊரில் இதைச் சொல்வது கஷ்டம்தான், இருந்தாலும் காலையில் ஒன்றோடு நிறுத்தப் பாருங்கள்.

அலுப்பு, எரிச்சல், காரணமில்லாமல் கண் கலங்குவது, எடை கூடுவது, சர்க்கரை ஏறுவது, எலும்பு மெலிவது எல்லாம் இதில் உண்டு. கேழ்வரகு, எள்ளு, முருங்கைக்கீரை, நெத்திலி, பால் என்று சாப்பாட்டில் சேருங்கள். கால்சியம், வைட்டமின் டி மாத்திரையை டாக்டர் சொல்கிற அளவில் போடுங்கள். தினம் அரைமணி நடை அலுப்புக்கு நல்ல மருந்து. ஆனால் மழைக்காலத்தில் சேறான வரப்பில் தனியாகப் போகவிடாதீர்கள். மெலிந்த எலும்பு ஒரு சறுக்கலுக்கே முறியும். சம்பா நடவைப் பார்க்காமல் இருக்கமாட்டேன் என்றால் ஒரு கம்பும் துணைக்கு ஒரு ஆளும் வேண்டும்.

படுக்கையறை

இதைப் பற்றி நம் மொழியில் யாரும் எழுதிக் கொடுப்பதில்லை, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

அறுவையில் விறைப்புக்கான நரம்புகள் பாதிக்கப்படலாம். கதிர்வீச்சில் அந்தப் பாதிப்பு மெதுவாக, மாதக்கணக்கில் வரும். ஹார்மோன் சிகிச்சையில் ஆசையே போய்விடும். இந்த மூன்றாவதைத்தான் மனைவிகள் தப்பாக எடுத்துக்கொள்கிறார்கள். அவர் திரும்பிப் படுப்பது உங்களைப் பிடிக்காமல் இல்லை. அந்த ஆசையைத் தூண்டுகிற ஹார்மோனையே மருந்து நிறுத்திவைத்திருக்கிறது. அவர் பக்கத்தில், "தொட்டால் அடுத்தது எதிர்பார்ப்பாளோ" என்ற பயத்தில் தொடுவதையே விட்டுவிடுகிறார். இப்படித்தான் ஒரே வீட்டில் கட்டில் ஒரு அறை, பாய் ஒரு அறை என்று ஆகிப்போகிறது.

வெளிச்சத்தில், பகலில், நடந்துகொண்டே பேசுங்கள். முகத்தைப் பார்க்காமல் பேசுவது இந்த விஷயத்துக்குச் சுலபம். "ஒண்ணும் வேணாம்ங்க, பக்கத்துல படுத்தா போதும்" என்று ஒரு பெண் தன் கணவரிடம் சொன்னதாக என்னிடம் சொன்னாள். அந்த ஆள் சிறுபிள்ளை மாதிரி அழுதாராம், "ஆம்பளையே இல்லன்னு நெனச்சிட்டியோன்னு இருந்தேன்" என்று. அவர்கள் அறுபதைத் தாண்டியவர்கள். வயதானால் இதெல்லாம் பெரிதில்லை என்று சொல்கிறவர்களை நம்பவேண்டாம். கை பிடிப்பது, கால் பிடித்துவிடுவது, தோளில் சாய்வது எல்லாம் தாம்பத்தியம்தான், அவை தொடரவேண்டும்.

அதற்கு மேலும் வேண்டும் என்றால் சிறுநீரகவியல் டாக்டரிடம் வெட்கப்படாமல் கேளுங்கள். மாத்திரை, ஊசி, வேக்குவம் பம்பு என்று வழிகள் உண்டு. கடையில் தானாக வாங்கிப் போடவேண்டாம். இதய நோய்க்கு நாக்கின் அடியில் வைக்கும் சார்பிட்ரேட் போன்ற நைட்ரேட் மருந்து எடுப்பவர்கள் விறைப்புக்கான சில்டெனாஃபில் வகை மாத்திரை போட்டால் ரத்த அழுத்தம் சட்டென்று இறங்கி உயிருக்கே ஆபத்தாகும்.

இன்னொரு தம்பதியைத் தேடுவது

இவர்கள் நோட்டீஸ் போர்டில் கிடைக்கமாட்டார்கள், ஓபி வரிசையில்தான் கிடைப்பார்கள். தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலோ, புதுச்சேரி ஜிப்மரிலோ, அடையாறு புற்றுநோய் மருத்துவமனையிலோ சிறுநீரகப் பிரிவு வாசலில் அரை நாள் உட்கார்ந்தால் உங்களைப் போலவே ஒயர் கூடையில் ஃபைலும் தண்ணீர் பாட்டிலும் வைத்துக்கொண்டு ஒரு பெண் பக்கத்தில் உட்கார்ந்திருப்பாள். பேச்சை ஊரில் தொடங்குங்கள்: "எந்த ஊரும்மா நீங்க?" அப்புறம் "எத்தனை மணிக்குக் கெளம்பினீங்க?" மூன்றாவதாக "அவருக்கு ஊசியா, ஆபரேஷனா?" இதற்கு மேல் நீங்கள் ஒன்றும் கேட்கவேண்டியிருக்காது. ஆண்கள் இதைச் செய்யமாட்டார்கள். பெண்கள் பேசி நம்பர் வாங்கிக்கொண்டால், அடுத்த தடவை ஆண்கள் இருவரும் டீக்கடைக்குச் சேர்ந்து போவார்கள்.

அங்கிருக்கும் மருத்துவ சமூகப் பணியாளரிடமோ, ஊசி போடும் சிஸ்டரிடமோ, "எங்க பக்கத்துல இதே நோய்க்குப் பாக்குறவங்க பேசத் தயாரா இருந்தா எங்க நம்பரைக் குடுங்க" என்று எழுதிக் கொடுக்கலாம். அடுத்தவர் நம்பரை நீங்கள் கேட்காதீர்கள், உங்கள் நம்பரைக் கொடுங்கள். அதுதான் முறை.

உங்களைவிட ஒன்றிரண்டு வருடம் முன்னால் போகிற தம்பதியாக இருந்தால் நல்லது. கசிவு எப்போது நின்றது, எந்த டையப்பர் தொடையை அறுக்காது, வெளியூர்க் கல்யாணத்துக்கு எப்படிப் போவது என்பதையெல்லாம் அவர்களால்தான் சொல்ல முடியும்.

நாலைந்து தம்பதிகள் சேர்ந்துவிட்டால்

மாதம் ஒருமுறை கூடுங்கள். இடத்தைத் தேர்ந்தெடுக்கும்போது முதலில் பார்க்கவேண்டியது கழிப்பறை. கீழ்த்தளத்தில், சுத்தமாக, தண்ணீர் வருகிறதா என்று பாருங்கள். கோயில் மண்டபம் காற்றோட்டமாக இருக்கும், ஆனால் பக்கத்தில் கழிப்பறை இருக்காது, நம் ஆட்கள் அரைமணிக்கு மேல் உட்காரமாட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை பள்ளிக்கூடம், தெரிந்தவர் கல்யாண மண்டபத்துச் சாப்பாட்டுக் கூடம், இப்படி ஏதாவது ஒன்று. கும்பகோணம் மாதிரி நாலு பக்கமும் பஸ்ஸும் ரயிலும் வருகிற ஊர் வசதி. முகூர்த்த நாளையும் நடவு, அறுப்பு நேரத்தையும் தவிர்க்கவேண்டும்.

முதல் அரைமணி ஆண்கள் தனியாக, பெண்கள் தனியாக. பிறகு எல்லோரும் சேர்ந்து. இந்தப் பிரிப்பு இல்லாவிட்டால் கணவர் முகம் வாடுமே என்று பெண்கள் பேசமாட்டார்கள். பெண்கள் பக்கத்தில் வருகிற முதல் பேச்சு பெரும்பாலும் தூக்கம் பற்றியதாக இருக்கும்.

சில கட்டுப்பாடுகளை முதல் நாளே சொல்லிவிடவேண்டும். இங்கே பேசியது வெளியே போகக் கூடாது, பெண் கொடுத்து எடுக்கிற ஊர்கள் இவை. ஒருவர் பி.எஸ்.ஏ.வை இன்னொருவரோடு ஒப்பிடக் கூடாது. நோயின் வகை வேறு, சிகிச்சை வேறு. யாரும் யாருக்கும் மருந்து சொல்லக் கூடாது, விற்கக் கூடாது. வாட்ஸ்அப் குழு வைத்தால் கூட்டத் தேதிக்கும் பஸ் விவரத்துக்கும் மட்டும் வையுங்கள், ரிப்போர்ட் படம் போடவேண்டாம்.

ஒருநாள் குழுவில் ஒருவர் தவறிப்போவார். மற்றவர்கள் பயந்து வராமல் நின்றுவிடுவார்கள். அந்த மாதம் கூட்டத்தை ரத்து செய்யாதீர்கள். அந்த வீட்டுக்கு இருவர் இருவராகப் போய் வாருங்கள், அந்தம்மா விரும்பும்வரை குழுவில் இருக்கட்டும்.

பணம், பயணம்

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால் சேரலாம். குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் வரை. கிராம நிர்வாக அலுவலரிடம் வருமானச் சான்று, குடும்ப அட்டை, ஆதார் மூன்றோடு கலெக்டர் ஆபீஸில் இருக்கும் திட்ட மையத்துக்கு இருவரும் போங்கள். சந்தேகத்துக்கு 1800 425 3993. எந்தச் சிகிச்சைக்கு எவ்வளவு என்பதை ஆஸ்பத்திரியிலிருக்கும் காப்பீட்டு மேசையில் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள்.

சிகிச்சைக்கு ரயிலில் போனால் நோயாளிக்கும் துணைக்கு வருபவருக்கும் கட்டணச் சலுகை உண்டு. ஸ்லீப்பரிலும் மூன்றடுக்கு ஏசியிலும் நோயாளிக்கு முழு விலக்கு, துணைக்கு 75 சதவீதம் தள்ளுபடி. ஆஸ்பத்திரியில் படிவம் வாங்கி டாக்டர் கையெழுத்தோடு ஸ்டேஷன் கவுண்டரில் கொடுக்கவேண்டும். சென்னைக்கு உழவன், சோழன் என்று ரயில்கள் இருக்கும்போது பஸ்ஸில் போகாதீர்கள். ரயிலில் கழிப்பறை இருக்கிறது, இந்த நோய்க்கு அதுவே பெரிய வசதி.

படுத்த படுக்கையாகிவிட்டால், 2021ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வலி நிவாரண சிகிச்சையும் இயன்முறைப் பயிற்சியும் வீட்டுக்கே வரும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயரைப் பதிந்துவைக்கச் சொல்லுங்கள். மனசு தாங்காத ராத்திரிகளுக்கு அரசின் மனநல உதவி எண் டெலி மானஸ், 14416, இலவசம், எந்நேரமும், தமிழில் பேசலாம். கணவருக்கு மட்டும் அல்ல, உங்களுக்கும்தான். உங்கள் சர்க்கரை, பிரஷர் மாத்திரையை நீங்கள் விடாமல் போடுகிறீர்களா என்று, நீங்கள் மனசுவிட்டு அழத் தேர்ந்தெடுத்த அந்த மூன்றாவது ஆளிடம் மாதாமாதம் கேட்கச் சொல்லிவையுங்கள்.

உடனே கிளம்பவேண்டிய நேரம்

புதிதாக முதுகுவலி வந்து கால் மரத்தாலோ, நடை தள்ளாடினாலோ, மலஜலம் கட்டுப்பாடு இல்லாமல் போனாலோ, காலை வரை காத்திருக்கக் கூடாது. முதுகுத்தண்டு அழுந்துகிறது என்று அர்த்தம். மணிக்கணக்கில் தாமதித்தாலும் கால் திரும்பாமல் போகலாம். சிறுநீர் அடியோடு நின்றுபோவது, ரத்தக்கட்டியாக வருவது, கீமோ நடக்கும்போது 38 டிகிரி செல்சியஸைத் தொடும் காய்ச்சல் இவையும் அப்படித்தான். 108ஐக் கூப்பிட்டு, என்ன நோய், என்ன மருந்து என்று நோட்டைக் காட்டிச் சொல்லுங்கள்.

மகன்களுக்கும் தம்பிகளுக்கும்

அப்பாவுக்கோ அண்ணனுக்கோ இந்த நோய் இருந்தால் மகனுக்கும் தம்பிக்கும் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிடக் கூடுதல். 40, 45 வயதிலேயே பி.எஸ்.ஏ. பரிசோதனை பற்றி டாக்டரிடம் பேசத் தொடங்கச் சொல்வார்கள். குடும்பத்தில் பெண்களுக்கு மார்பகம், சினைப்பையில் புற்றுநோய் வந்திருந்தால் அதையும் சேர்த்துச் சொல்லவேண்டும், சில மரபணுக் கோளாறுகள் இரண்டுக்கும் பொது. திருப்பூரிலோ துபாயிலோ இருக்கிற பிள்ளைகளிடம் போனில் பாதி சொல்லி மறைப்பதைவிட, பொங்கலுக்கு வரும்போது பயாப்சி ரிப்போர்ட்டின் ஜெராக்ஸ் ஒன்றைக் கையில் கொடுத்தனுப்புங்கள். அவர்கள் பார்க்கப்போகிற டாக்டர் முதலில் கேட்பது அதைத்தான்.